அப்பாவுக்குக் கொடுத்த அதிகாரம்

அத்தியாயம் 11

நவநீதனை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிய இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். நடுவில் ஓரிரு இதழ்களைத் தவறவிட்டவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூரில் வாஹித் பாஷாவின் ஷூ கம்பெனிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு ஐ.டி. பிரிவில் ஒரே ஒரு ஆள் மட்டும் டியூட்டியில் இருப்பார். போன வெள்ளிக்கிழமை அந்த ஆள் நவநீதன். சரியாக மதிய ஜும்மா தொழுகை நேரத்தில் சர்வர் அறையின் ஏசி நின்றுபோனது. சூடு ஏறி மெயின் சர்வர் கருகியது. வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய புது டிசைன்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கட்டிங் ஓடவில்லை, தையல் ஓடவில்லை.

ஏசி நின்றால் கண்காணிப்பு சாஃப்ட்வேர் டியூட்டி ஆளின் போனில் மணி அடிக்கும். அடித்திருக்கும், அவன் தூங்கியிருப்பான் என்று கம்பெனியே ஒரே வாயாகச் சொன்னது. ஏசிக்கு மணி அடிக்கவே இல்லை என்று நவநீதன் ஒருவன்தான் சொன்னான். அதைச் சரிபார்க்கவும் வழியில்லை. அந்தக் கண்காணிப்பு சாஃப்ட்வேரும் கருகிய சர்வரிலேயே இருந்ததால் அன்றைய பதிவுகள் அதோடு போய்விட்டன. பழைய நகலை வைத்துத்தான் எல்லாவற்றையும் மறுபடி கிளப்பினார்கள்.

“சிஸ்டம் பொய் சொல்லாது நவநீதன்” என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னவள் அம்பரீன். வாஹித் பாஷாவின் கடைசிப் பெண், கம்பெனியின் ஐ.டி. பொறுப்பு முழுக்க அவள் கையில். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் இந்த வாரம் படப்போகும் பாட்டைப் பாருங்கள்.

புதன்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் பராட்டாவும் கீமாவும் இருந்தன. அண்ணன் ஷோயப் போனில் ஒரு கண்ணும் தட்டில் ஒரு கண்ணுமாக இருந்தான். கம்பெனியின் அன்றாட நிர்வாகம் அவனுடையது. வாலாஜாபேட்டையிலிருந்து புது ஆள் வருகிறான், நவநீதன் பெயரை எல்லா குரூப்பிலிருந்தும் இன்றைக்கே எடுத்துவிடு என்று தங்கையிடம் சொன்னான். அவளும் சரி என்றாள்.

பிள்ளைகள் அம்மி என்று கூப்பிடும் அம்மா அக்தரி பேகத்துக்கு வேறு குறை. நாலைந்து நாளாக மஸ்ஜிதுக்குப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறீர்களே, அவசரத்துக்கு உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று கணவரைக் கேட்டார்.

“வெள்ளிக்கிழமை என் மானமே போச்சு” என்றார் வாஹித் பாஷா. “குத்பா நடந்துட்டிருக்கு. நான் முதல் வரிசையில உக்காந்திருக்கேன். இவ போட்டுக் குடுத்த ஆப், பாக்கெட்டுக்குள்ள இருந்து கத்துது. ஒருவாட்டி ரெண்டுவாட்டி இல்ல, நாலு வாட்டி. இமாம் பேச்சை நிறுத்திட்டு என்னையே பாத்தாரு. சுத்தி இருக்குறவங்க எல்லாம் திரும்பிப் பாக்கறாங்க.”

அம்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஷோயபும் சிரித்தான். அப்புறம் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டார் அம்மி.

“கண்ணாடி வேற எடுத்துட்டுப் போகலை. மேல சிவப்பா ஒரு மணி படம் இருக்குமே, அதை அமுக்கினேன். என்னமோ கேள்வி கேட்டுச்சு. ஆமான்னு அதையும் அமுக்கினேன். அதோட அடங்கிடுச்சு.”

அம்பரீன் கையிலிருந்த பராட்டாத் துண்டைத் தட்டிலேயே வைத்தாள். தண்ணீரை எடுத்துக் குடித்தாள். சிவப்பு மணிதானா, கீழே இருக்கும் வெள்ளை மணி இல்லையா என்று கேட்டாள். சிவப்பேதான், கண்ணாடி இல்லாவிட்டாலும் எனக்கு நிறம் தெரியாதா என்று சொல்லிவிட்டு அவர் கீமாவை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

வெள்ளை மணியை அமுக்கினால் அமுக்கியவர் போன் மட்டும் சத்தம் போடாது. சிவப்பு மணியை அமுக்கினால் கம்பெனியில் எவர் போனுக்கும் எந்த எச்சரிக்கையும் போகாது. பெரிய பராமரிப்பு வேலை நடக்கும்போது பயன்படுத்துவதற்காக உள்ள மணி அது. அதனால் அட்மின் குரூப்பில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது கண்ணுக்கே தெரியும்.

அப்பாவை அட்மின் குரூப்பில் போட்டது அம்பரீன்தான்.

ரம்ஜான் சமயத்தில் அந்த சாஃப்ட்வேரை நிறுவியபோது அவள் படித்த படிப்புப்படி ஒழுங்காகத்தான் செய்தாள். யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் தொடலாம் என்று ஆட்களை மூன்று குரூப்பாகப் பிரித்தாள். எல்லா அதிகாரமும் அட்மினுக்கு. எச்சரிக்கை வந்தால் கவனிக்கும் வேலை ஆபரேட்டருக்கு. மூன்றாவது குரூப், எதையும் தொடாமல் வெறுமனே பார்ப்பவர்களுக்கு. அப்பாவுக்கு அதுவே போதும். கம்பெனியின் ஒவ்வொரு மெஷினும் திரையில் பச்சைக் கட்டமாகத் தெரிவதில் அவருக்குத் தனி சந்தோஷம். கல்யாண வீடுகளில் கூட டேப்லட்டை நீட்டி, பாருங்க எல்லாம் பச்சை என்று உறவுக்காரர்களுக்குக் காட்டுவார். வேறு எதற்கும் அவருக்கு அது தேவைப்படவில்லை.

ஆனால் அந்த மூன்றாவது குரூப்புக்கு சாஃப்ட்வேர்காரன் வைத்திருந்த பெயர் ‘கெஸ்ட்’. அது திரையில் அவர் பெயருக்குக் கீழேயே வந்து நின்றது. வாஹித் பாஷா அதைப் பார்த்தார். கோபிக்கவில்லை. “நான் கட்டின கம்பெனியில நான் விருந்தாளியா, பேட்டா?” என்று மட்டும் மகளைக் கேட்டார். அன்றைக்கு நோன்பு திறக்கும் நேரத்தில் அவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

அந்த வீட்டில் பெரியவர் உட்காராமல் யாரும் தட்டில் கை வைக்க மாட்டார்கள். கார் வாங்கினாலும் முதல் சாவி அவர் கையில்தான். அப்படிப்பட்டவரைக் கடைசி குரூப்பில் உட்காரவைக்க அம்பரீனுக்கு மனம் வரவில்லை. இஃப்தார் முடிந்த சூட்டில் அவரை அட்மின் ஆக்கிவிட்டாள். அப்பா முகம் மலர்ந்தது, அவளுக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு அவர் என்னென்ன செய்ய முடியும் என்று அன்றைக்கு அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

கம்பெனிக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நவநீதன் பெயரை எடுக்கத்தான் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அவன் ஆபரேட்டர் குரூப்பில் இருந்தான். சிவப்பு மணி அவன் கண்ணுக்குத் தெரியாது. அதை யாராவது அமுக்கினால் அமுக்கப்பட்டது என்றும் அவனுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை எச்சரிக்கைகள் டியூட்டி ஆளுக்கும் அப்பாவுக்கும் மட்டும் போகும்படி வைத்திருந்தாள். அன்று மேல்விஷாரத்தில் ஒரு கல்யாண வலிமா விருந்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த அவளுக்கும் அதனால் எதுவும் தெரியவில்லை.

அடுத்து அவள் செய்த காரியத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நவநீதன் பெயரை விட்டுவிட்டு அப்பா பெயரைத் திறந்தாள். அட்மினிலிருந்து எடுத்து மறுபடி கெஸ்டில் போட்டாள். இனிமேல் இப்படி நடக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தடயம் அழிகிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

கதவு தட்டப்பட்டது. வந்தவன் நவநீதன். அடையாள அட்டையையும் கம்பெனி போனையும் ஒப்படைக்க வந்திருந்தான். ஷோயப் வரச் சொன்னானாம். ஷேவ் செய்யாத முகத்தோடு நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மேடம், ஒரே ஒரு வாட்டி நீங்க பாத்து சொல்லுங்க. நெட் லைன் விட்டு விட்டு வந்துச்சு. அதுக்கு நாலு வாட்டி மணி அடிச்சுது. அப்புறம் சத்தமே இல்ல. லைன் சரியாப் போச்சுன்னு நெனச்சுதான் பின்பக்கம் கேமரா ஒயர் இழுக்கப் போனேன். நான் தூங்கலை மேடம்.”

அப்பா சொன்ன அதே நாலு தடவை. ஏசி நின்றது அதற்கு அப்புறம்தான். அம்பரீனுக்கு முகம் சுட்டது. சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரைக்கும் வந்தது. ஆனால் வாயிலிருந்து வெளியே வந்தது, “நான் பாக்கறேன்” என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான்.

அவன் தலையாட்டினான். அவன் மனைவி சங்கீதாவும் இதே கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்‌ஷனில் ஷூவின் மேல்பாகம் தைப்பவள். லைனில் எல்லாரும் அவளைத் தூங்குமூஞ்சி பொண்டாட்டி என்று கூப்பிடுவதாகச் சொன்னான். நேற்று சாப்பாட்டு நேரத்தில் அவள் தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டாளாம். இதைப் புகாராகக்கூடச் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, சொன்னான்.

போனை மேஜைமேல் வைத்தான். சார்ஜர் ஒயரைச் சிக்கில்லாமல் சுற்றி அதன் பக்கத்தில் வைத்தான். வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். இத்தனை ஒழுங்காக ஒப்படைத்தவனிடம் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று அவன் போனபிறகு அவளுக்கு உறைத்தது. அந்தப் போனை மேஜைமேல் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல் எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டாள். தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஷோயபிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டான். கெட்டவன் இல்லை அவன். பிறகு அவன் பேசியதெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். ஊரில் இரண்டு குடும்பத்துக்குள் தகராறு என்றால் நியாயம் கேட்டு அப்பாவிடம்தான் வருகிறார்கள். தான் செய்த தப்புக்குத் தொழிலாளியை விரட்டினார் என்று ஒரு பேச்சு கிளம்பினால் அவர் எப்படி வெளியே தலைகாட்டுவார் என்றான்.

“இது நம்ம ரெண்டு பேரோட நிக்கட்டும் அம்பர். மேல்விஷாரத்துல நசீர் அகமது மாமாகிட்ட சொல்லி நவநீதனுக்கு ஒரு வேலை வாங்கிக் குடுத்துடறேன். வெளிய வந்தா உனக்குந்தானே அசிங்கம்.”

கடைசியாகச் சொன்னது குறி தவறாமல் பட்டது. அப்பாவுக்காகத்தான் மறைக்கிறேன் என்று காலையிலிருந்து அவள் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தது பாதிப் பொய் என்று அவளுக்கே விளங்கியது. பதில் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டாள். பதில் சொல்லாமல் வந்தால் சம்மதித்த மாதிரிதான் என்று ஷோயபுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சாயங்கால அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வாஹித் பாஷா அவள் அறைக்கு வந்தார். அப்பா அவளைத் தன் அறைக்குக் கூப்பிடுவதுதான் வழக்கம். இன்று டேப்லட்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு தானே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பேட்டா, நான் மறுபடியும் கெஸ்ட் ஆயிட்டேன்.”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையை இன்னொரு தடவை பார்த்தார். அதட்டலாகக் கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ பரீட்சைப் பேப்பரை நீட்டும் பிள்ளையைப் போலத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனா?”

“ஆமாப்பா” என்றாள். பிறகு ஒன்று விடாமல் சொன்னாள். சிவப்பு மணி என்ன செய்யும் என்று சொன்னாள். அது அவர் கண்ணில் படவே கூடாது என்றும், பட்டதற்குக் காரணம் தான்தான் என்றும் சொன்னாள். சொல்லும்போது அழுதுவிட்டாள்.

வாஹித் பாஷா டேப்லட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

“அந்தப் பையன் சொன்னானே, மணி அடிக்கலைன்னு.”

“சொன்னான்ப்பா.”

“திங்கக்கிழமை கேட்டுல நிக்க வெச்சு, தூங்கறதுக்கா சம்பளம்னு கேட்டேன். செக்யூரிட்டி, டிரைவர் எல்லாரும் நிக்கறாங்க. அவன் தலையைக் குனிஞ்சிக்கிட்டு நின்னான்.” கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “உனக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“காலையில. நீங்க மஸ்ஜித் கதையைச் சொன்னப்ப.”

“காலையிலேர்ந்து இன்னா பண்ணிட்டிருந்த?”

பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. “உங்க பேரை மாத்திட்டிருந்தேன்” என்றாள்.

அந்தப் பதில் அவருக்கு அறை விழுந்த மாதிரி இருந்திருக்க வேண்டும். தப்பு முழுக்க என்னுடையதுதான், அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தது நான்தானே என்று அவள் மறுபடி ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

“குடுத்தது நீ. முகத்தைத் தூக்கி வெச்சிக்கிட்டு அதைக் கேட்டு வாங்கினது நான். எழுந்து வா.”

நவநீதன் வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்து அவள் கைப்பையை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவர் வாசல் பக்கம் போகாமல் ஸ்டிச்சிங் செக்‌ஷன் பக்கம் திரும்பினார். வழியில் ஷோயப் எதிரே வந்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் அப்பா என்று மெதுவாகச் சொன்னான். நான் திட்டினது தனியாக இல்லையே என்றார் அவர்.

வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. பெரிய முதலாளி இந்தப் பக்கம் வருவது அபூர்வம். சங்கீதாவின் மெஷின் பக்கத்தில் அவர் போய் நின்றதும் அக்கம்பக்கத்துப் பெண்கள் காலைப் பெடலிலிருந்து எடுத்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாக மெஷின்கள் அடங்கின. சங்கீதா பதறி எழுந்தாள். தன்னையும் வேலையிலிருந்து நிறுத்தத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். கையில் தைத்துக்கொண்டிருந்த தோலைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள்.

“உன் வீட்டுக்காரர் தூங்கலைம்மா” என்றார் வாஹித் பாஷா. பின்வரிசைக்கும் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினார். “அன்னிக்கு மணியை நிறுத்தினது நான். விவரம் தெரியாம என் போன்ல அமுக்கிட்டேன். எல்லார் போனும் அடங்கிடுச்சு. அது தெரியாம அவரைக் கேவலமாப் பேசினதும் நான்தான். எல்லாரும் கேட்டுக்குங்க.”

பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டவர்கள் அந்த வரிசையிலேயே இருந்தார்கள். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. அம்பரீன் முன்னால் வந்து, இதில் பெரிய தப்பு என்னுடையதுதான் சங்கீதா, காலையிலேயே எனக்குத் தெரியும், தெரிந்தும் நவநீதனிடம் சொல்லாமல் அனுப்பிவிட்டேன் என்றாள். அத்தனை பெண்கள் முன்னால் அதைச் சொல்லும்போது காது மடல் வரைக்கும் அவளுக்குச் சூடேறியது. சொல்லியும் மனசு லேசாகவில்லை.

சங்கீதா பரவாயில்லை என்று சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“என்கிட்ட சொல்லி இன்னா ஆகப்போவுது முதலாளி. அவர்கிட்ட சொல்லுங்க.”

இப்போதே சொல்கிறேன் என்று வாஹித் பாஷா போனை எடுத்தார். கண்ணாடி இருந்தது. நவநீதன் பெயரை நிதானமாகத் தேடி அமுக்கிக் காதில் வைத்தார்.

“அவர் மத்தியானமே போய்ட்டாருங்க” என்றாள் சங்கீதா. “கேட்டாண்ட வந்து வீட்டு சாவியை என் கையில குடுத்தாரு. வேற ஊர்ல வேலை தேடிப் போறேன்னாரு. எந்த ஊருன்னு கேட்டதுக்கு, போய்ச் சேந்து சொல்றேன்னு பஸ் ஏறிட்டாரு. எங்க இருந்து சொல்லுவாருன்னு தெரியலைங்க. அவர்கிட்ட இருந்தது கம்பெனி போன் ஒண்ணுதான்.”

அம்பரீன் கைப்பையின் வாரை இறுகப் பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை ஏசி நின்றபோது அடிக்காத அந்தப் போன், மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்ட அந்தக் கூடத்தில், அவள் பைக்குள்ளிருந்து கணீரென்று அடிக்க ஆரம்பித்தது. வாஹித் பாஷா தன் காதிலிருந்த போனை மெதுவாக இறக்கிவிட்டு மகளைப் பார்த்தார். அது அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பேச வேண்டியவன் எந்த பஸ்ஸில் எந்த ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான் என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை.